கிடாருக்கும் பாடு வைத்தோம்

கிடார் தேசம்மா அத்தை வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தது. தலைக்கு ஒரு தலையணை வைத்திருந்தாள். ஈ உட்காராமல் இருக்க மேலே பூப்போட்ட துண்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, அத்தை நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

அன்று எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் அம்மன் திருவிழா. விடிந்ததிலிருந்தே மைக் செட்டுக்காரர் குழாயைக் கட்டிப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கடலுக்கு யாரும் போகவில்லை. நான் குளித்து, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு அத்தை வாசலில் போய் நின்றேன்.

“அத்தே, சாயங்காலம் கோயிலாண்ட வாசிக்கணும். கிடார எடுத்துக்கட்டா?”

“எடுத்துக்கோ. நாளிக்கு.”

“திருவிழா இன்னிக்கு அத்தே.”

“எம் பாடும் இன்னிக்குத்தான்.”

தலை நிமிராமல் சொன்னாள். சொல்லிவிட்டு இன்னொரு நெத்திலியை எடுத்தாள்.

அன்று மாலை அந்தக் கிடாரைச் செய்தவரே எங்கள் ஊருக்கு வருவதாக இருந்தது. அவர் எதிரில் நான் வாசிக்க வேண்டும். நன்றாக வாசித்தால், ‘இது வாசிக்கிறவன் கையிலேயே இருக்கட்டும்’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்வார். அவர் சொன்னால் ஊர் தட்டாது. கிடார் எனக்கே எனக்காகிவிடும். பல வாரங்களாக என் மனசில் ஓடிக்கொண்டிருந்தது இதுதான். அந்தத் திட்டத்தின் குறுக்கேதான் அத்தை காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

பலகை படிக்கப் போனவன்

இந்தக் கிடார் எங்கள் ஊருக்கு வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் சென்னையில் பல தெருக்கள் ஏரியாகிவிட்டன. எங்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். நைனாவும் சித்தப்பாவும் படகு ஓட்ட. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். என்னைக் கூட்டிப்போனது தெருப் பெயர்ப் பலகை படிக்க. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது.

தண்ணீர் பலகையின் கழுத்துவரை நின்றது.

“இன்னா போட்டுக்கீது, படி” என்றார் சித்தப்பா.

“மூணாவது குறுக்குத் தெரு.”

“குறுக்கோ நெடுக்கோ, எல்லாம் தண்ணியாத்தான் கீது. ஆளு எங்கன்னு சொல்லு.”

ஆள் மாடியில் நின்றிருந்தார். அறுபதை நெருங்கிய மனிதர், நரைத்த குறுந்தாடி. விக்டர் என்று பெயர். தார்ப்பாயில் சுற்றிய பலகைகளைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

“சார், மொதல்ல நீங்க எறங்குங்க” என்றார் நைனா.

“மொதல்ல இது எறங்கட்டும்.”

“பலகதானே சார்? தண்ணியில வுடுங்க. அதுவே நீந்தி வரும்” என்றார் சித்தப்பா.

“நனைஞ்சா போச்சுப்பா. எங்க அப்பா காலத்துலேருந்து காய வெச்ச மரம்.”

சித்தப்பா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “டேய், நம்ம கருவாடு கூட நாலு வெயில் கண்டா போதும்ங்குது. இது இன்னா கருவாடுடா?”

பலகைகள் படகில் ஏறின. பிறகு விக்டர் சார் ஏறினார். வழியெல்லாம் அவர் நனைந்தார், பலகை நனையவில்லை. கையால் கிடார் செய்வதுதான் தொழில் என்றார். நானும் வாசிப்பேன், விடுதி நண்பனின் கிடாரில் கற்றுக்கொண்டேன் என்றேன். நம்பவில்லை போலிருக்கிறது. என் இடது கையை வாங்கி விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார். காய்ப்பு இருந்தது.

“இது வலைக் கயிறா, கம்பியா?”

“ரெண்டும் சார்.”

அந்த வெள்ளத்திலும் அவர் சிரித்தார்.

வயிறு புடைத்த கிடார்

பிறகு நீண்ட நாள் தொடர்பில்லை. நான் படித்து முடித்து, பொன்னேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வுக்கூட உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழவேற்காட்டுப் பாலத்தைத் தாண்டி ஒரு பழைய கார் எங்கள் ஊருக்குள் வந்தது. கோயிலுக்கு எதிரே நின்றது. விக்டர் சார் இறங்கி, பின் சீட்டிலிருந்து ஒரு கருப்புப் பெட்டியை எடுத்தார்.

பெட்டியைத் திறந்தபோது கூட்டம் கூடிவிட்டது. உள்ளே சிவப்பு வெல்வெட்டில் தேன் நிறத்தில் ஒரு கிடார்.

நான் அதுவரை பார்த்த கிடார்களெல்லாம் தட்டையானவை. இதன் மேல் பலகை பிடிலைப் போல நடுவில் புடைத்து, ஓரத்தில் தழைந்திருந்தது. ஆர்ச்டாப் என்று அதற்குப் பெயர். ஒலி வர நடுவில் வட்டத் துளை கிடையாது. இரண்டு பக்கமும் கொக்கி போல வளைந்த இரண்டு துளைகள். உள்ளே வெற்று வயிறு. கம்பிகளுக்கு அடியில், மெல்லிய செப்புக் கம்பி சுற்றிய காந்தம் ஒன்று. அதுதான் எஃகுக் கம்பியின் அதிர்வைப் பிடித்து, ஒயர் வழியாக, கூடவே கொண்டுவந்திருந்த சின்ன ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அனுப்பும். முதுகு, வீணை செய்கிற பலாமரம். மேல் பலகை தேவதாரு. படகில் வந்த பலகைகள்தான் அவை.

புடைத்த அந்த வளைவை மரத்தை வளைத்துச் செய்யவில்லை. கனமான பலகையை எடுத்து, கட்டைவிரல் அளவு இழைப்புளியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, தட்டிக் கேட்டு, மறுபடி குடைந்து, மறுபடி தட்டிக் கேட்டு வருடக்கணக்கில் செய்தது என்றார். 

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் படகைத்தான் தெரியும். ஆகவே கிடாரைப் படகைப் பார்ப்பது போலவே பார்த்தார்கள்.

“எத்தினி கோட்டிங் குடுத்துக்கீறீங்க?” என்று கேட்டார் எல்லப்பன் பெரியப்பா. ஊர்ப் பஞ்சாயத்தில் அவர் சொல்தான் முன்னால் நிற்கும்.

“நிறைய. ரொம்ப மெல்லிசா, ஒண்ணு காய்ஞ்சப்புறம் ஒண்ணு.”

“ஓட்ட வுட்டுக்கீறீங்களே, தண்ணி பூந்துடாது?”

“தண்ணியில வுட மாட்டோம்ல” என்றார் விக்டர் சார், ஒரு படகுக்காரருக்குப் பதில் சொல்லும் மரியாதையோடு.

பெரியப்பா திருப்தியில்லாமல் தலையாட்டினார். இவ்வளவு நன்றாகச் செய்துவிட்டு ஏன் ஓட்டை வைத்தார் என்பது அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

அப்போது விக்டர் சார், நகரத்து மனிதர் செய்கிற ஒரு தவறைச் செய்தார். நல்ல மனசோடு செய்த தவறு. கிடாரை என் கையில் கொடுக்காமல், கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டு, “இது உங்க ஊருக்கு” என்றார்.

ஊருக்கு என்றால் ஊருக்கு

வேறு ஊராக இருந்தால் ஊருக்குக் கொடுத்தது என்பது பேச்சுக்குத்தான், வாசிக்கத் தெரிந்தவன் எடுத்துக்கொள்வான். பழவேற்காட்டில் அப்படி இல்லை. இங்கே ஊருக்கு என்று ஒன்று வந்தால், அதை எப்படிப் பகிர்வது என்று எங்களுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். அது ஏரி கற்றுக்கொடுத்த வழி.

ஏரியில் மீன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைக்காது. நல்ல இடங்கள் சில. எல்லோரும் அங்கேயே வலை போட்டால் தினமும் அடிதடி. அதனால் இன்றைக்கு இந்த இடம் இந்த வீட்டுக்கு, நாளைக்கு அடுத்த வீட்டுக்கு என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். பாடு விடியலில் கை மாறும். உன் பாடு அன்றைக்கு உனக்குக் காய்ச்சலாக இருந்தால் ஆள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நாளை விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளவும் கூடாது. மாற்றலாம் என்று விட்டால், கை ஓங்கியவன் இல்லாதவனின் நல்ல நாட்களையெல்லாம் மெல்ல மெல்ல வாங்கிவிடுவான் என்று முன்னோர் கண்டிருக்கிறார்கள்.

விக்டர் சாரின் கார் பாலத்தைத் தாண்டுவதற்குள் கிடாருக்கும் பாடு வைத்தாகிவிட்டது.

நான் எழுந்து பேசினேன். “பெரியப்பா, வாசிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்.”

“அதுக்கு?” என்றார் பெரியப்பா. “மீனு புடிக்கத் தெரியாதவன் வூட்டுக்கும் ஏரியில பாடு கீதுல்ல?”

படித்தவன் பேச்சு அத்தோடு முடிந்தது. நைனா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அப்போதுதான் கூட்டத்தின் பின்னாலிருந்து தேசம்மா அத்தை எழுந்தாள். தலையில் கூடை சுமக்க வைக்கும் சும்மாட்டுத் துணியை இடுப்பில் செருகியிருந்தாள். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள்.

“எல்லா வூட்டுக்கும் பாடுன்னா, எனக்கு?”

அத்தையின் கணவர் கடலில் போய்ப் பல வருடம் ஆகிறது. ஆண்பிள்ளை கிடையாது. ஏரியில் பாடு ஆண்களின் பேரில்தான் வரும். கணவரோடு அந்த வீட்டுப் பாடும் போயிற்று. அதன் பிறகு அவள் ஊரார் மீனைத் தலையில் சுமந்து, அனுப்பம்பட்டு ஸ்டேஷன்வரை தெருத் தெருவாக விற்றாள். சொந்தமாக ஒரு நாள், ஒரு இடம், ‘இது என்னோடது’ என்று சொல்ல அவளுக்கு இருந்ததில்லை.

“பொம்பள பேர்ல பாடு கெடையாதேம்மா” என்றார் ஒருவர்.

“அது ஏரிக்கு. இது இன்னா ஏரியா? இதுல எறங்கினா ஆழமா? ஆம்பளதான் முங்கணுமா?”

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பி, ஆண்கள் பக்கம்வரை வந்தது. பெரியப்பாவும் சிரித்துவிட்டார். சிரித்தபின் அவரால் மறுக்க முடியவில்லை. அத்தையோடு சேர்த்து, ஆண் இல்லாத எல்லா வீடுகளுக்கும் கிடாரில் பாடு கிடைத்தது.

வீடு வீடாக

அதன்பின் வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஒரு வீட்டில் கிடாருக்குக் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டியிருந்தார்கள். ஒரு வீட்டில் அதை டி.வி.க்குப் பக்கத்தில் நிறுத்தி, குடும்பமே வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. எளாவூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த நாளில், கிடார் அந்தப் பெண் வீட்டில் இருந்தது. பெண்ணுக்கு வாசிக்கத் தெரியுமா என்று அவர்கள் கேட்க, “இன்னிக்குத்தான் வந்துக்கீது” என்று பெண்ணின் அம்மா உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அந்தச் சம்பந்தம் முடிந்து இப்போது ஒரு குழந்தையும் இருக்கிறது.

உப்புக் காற்றில் எஃகுக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், காய்ந்த துணியால் துடையுங்கள் என்று விக்டர் சார் சொல்லியிருந்தார். அதை எல்லா வீடும் வேதவாக்காக எடுத்துக்கொண்டது. கிடார் ஒருநாளும் அழுக்காக இருந்ததில்லை.

ஒரு வீட்டில் மட்டும் ஒரு கம்பி அறுந்துவிட்டது. பயந்துபோய் அவர்கள் வலை பின்னுகிற தங்கூஸ் நரம்பை எடுத்து, முடிச்சு தெரியாமல் அழகாகக் கட்டி, அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் காந்தம் இரும்பைத்தான் கேட்கும், நைலானைக் கேட்காது. என் நண்பன் தேவா தன் வீட்டுப் பாடு அன்று பெட்டியில் செருகிக் கம்பிகளைத் தட்டிப் பார்த்தபோது, மற்றக் கம்பிகள் எல்லாம் பேச, அந்த ஒன்று மட்டும் ஊமையாக நின்றது. “இது மட்டும் ஒங்க நைனா மாதிரி, வாயத் தொறக்க மாட்டேங்குதுடா” என்றான் தேவா.

எங்கள் வீட்டுப் பாடு ஒரே ஒரு முறை வந்தது. அன்று கல்லூரிக்கு விடுப்பு எடுத்து, காலையிலிருந்து பொழுது சாயும்வரை வாசித்தேன். அந்தப் புடைத்த வயிறு என் மார்பில் படிந்து அதிர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. தொட்டால் போதும், ஒலி உருண்டையாக, கனிந்த பழம்போல வந்து விழும். விடிந்ததும் அடுத்த வீட்டுக்காரர் வந்து நின்றார். கொடுத்தேன். மறுபடி எங்கள் பாடு எப்போது என்று விசாரித்தேன். ஊரில் எத்தனை வீடுகள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இப்படி இருக்கும்போதுதான் திருவிழா வந்தது. விக்டர் சாரை விருந்தாளியாகக் கூப்பிட்டார்கள். பொன்னேரியிலிருந்து மெல்லிசைக் குழு பேசியாயிற்று. நடுவில் எங்கள் ஊர்க் கிடாரை நான் வாசிப்பது என்று முடிவாயிற்று. அந்த நாள் யார் வீட்டுப் பாடு என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

அத்தையின் நிபந்தனை

அத்தை வாசலில் நின்று நான் பேசாத பேச்சில்லை. விக்டர் சார் வருகிறார் என்றேன். ஊர் மானம் என்றேன். ஒரு மணி நேரம் போதும் என்றேன்.

“அத்தே, ஒனக்கு வாசிக்கத் தெரியாது. வெச்சிகினு இன்னா பண்ணப் போற?”

“வெச்சிக்கப் போறேன்” என்றாள் அத்தை. “மாமா போனதுலேருந்து எம் பேரச் சொல்லி இந்த ஊர்ல ஒரு நாள் வந்துக்கீதா? இன்னிக்கு வந்துக்கீது. அதுவும் திருவிழா அன்னிக்கு. இத நான் ஒனக்குத் தூக்கிக் குடுத்துட்டு, கூட்டத்துல குந்திகினு கை தட்டணுமா?”

எல்லப்பன் பெரியப்பாவிடம் ஓடினேன். அவர் பந்தல் காலுக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்.

“பாட மாத்தச் சொல்றியா?” என்றார். “ஏரிய மாத்தச் சொல்லு, மாத்தறேன்.”

வெயில் ஏறிவிட்டது. மறுபடி அத்தை வாசலுக்கே வந்தேன். நெத்திலி முடிந்து, கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவினாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து கிடாரை மடியில் எடுத்து, கட்டை விரலால் ஒரு கம்பியை மட்டும் தட்டினாள். அது அடங்கும்வரை காதைச் சாய்த்துக் கேட்டாள். மடியை விட்டு அதை இறக்கவில்லை.

எங்கிருந்து எனக்கு அந்த எண்ணம் வந்தது என்று தெரியாது. வாசற்படியில் உட்கார்ந்து கேட்டேன்.

“அத்தே, ஆள் வேணுமா?”

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். பாடு உள்ளவரிடம் கூலிக்குப் போகிறவன் கேட்கும் கேள்வி அது. எங்கள் வீட்டில் யாரும் அவள் வாசலில் அதைக் கேட்டதில்லை. யாருமே கேட்டதில்லை.

“ஆளா வரியா?”

“வரேன்.”

கொஞ்ச நேரம் என்னை, வலை இழுக்கத் தேறுவானா என்று பார்ப்பதுபோல் பார்த்தாள். “அப்போ ஆளு மாதிரிதான். மொத வீச்சு என்னோடது. நான் தொட்டப்பறம்தான் நீ தொடணும். கூடவே நான் நிப்பேன். வர்றது இன்னாவா இருந்தாலும் எனக்கு. ஆளுக்கு உண்டானத நான் குடுப்பேன்.”

“சரி.”

“சரின்னா சரி. மேடையில ஏறிட்டு அப்பறம் படிச்சவன் மாதிரி பேசக் கூடாது.”

மேடையில்

பொழுது சாய்ந்து, கலங்கரை விளக்கு ஏற்றுகிற நேரம். மேடையின் இரண்டு பக்கமும் ஆளுயரப் பெட்டிகள். முன்வரிசையில் விக்டர் சார் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கையசைத்தார். பிறகு எனக்கு முன்னால் கிடாரைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறிய அத்தையைப் பார்த்தார். அசைத்த கை அப்படியே நின்றது.

அறிவிப்பாளர் மைக்கில், “அடுத்ததாக நமது ஊரின் இளம் இசைக் கலைஞர்” என்று ஆரம்பித்தார். அத்தை அவர் கையிலிருந்த மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

“ஒழுங்கா சொல்லு. தேசம்மா பாடு. ஆளு கொமரேசன்.”

அவர் வெளியூர்க்காரர். ஒன்றும் புரியாமல் அதை அப்படியே சொன்னார். கூட்டத்தில் கிளம்பிய விசிலில் மைக் செட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

நான் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒயரைச் செருகி, கையைக் கீழே விட்டுக்கொண்டு நின்றேன். அத்தை முந்தானையை இழுத்துச் செருகினாள். கட்டை விரலை மேல் கம்பியில் வைத்து, கீழ்க் கம்பிவரை ஒரே இழுப்பு.

அந்த ஒலி பெட்டிகள் வழியாகப் போய், பந்தலைத் தாண்டி, கடற்கரைவரை போயிற்று. அத்தை தன் கட்டை விரலைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள்.

“ம், இழு” என்றாள் என்னிடம்.

நான் தொட்டேன். உடனே ஊளை கிளம்பியது.

வெற்று வயிறு உள்ள மின்கிடாரில் இது ஒரு தொல்லை. பெரிய பெட்டிக்கு அருகே நின்றால், பெட்டியிலிருந்து வரும் ஒலியே துளை வழியாக வயிற்றுக்குள் புகுந்து பலகையை அதிரவைக்கும். அந்த அதிர்வு மறுபடி பெட்டிக்குப் போகும். ஒன்றையொன்று ஊட்டி வளர்த்து ஊளையாகிவிடும். வீட்டில் சின்னப் பெட்டியோடு வாசித்துப் பழகிய எனக்கு அது நினைவிலேயே இல்லை. கம்பிகளைக் கையால் அழுத்தினேன். குமிழைத் திருகினேன். ஊளை குறைந்து, விட்டதும் மறுபடி எழுந்தது. குழந்தைகள் அழ ஆரம்பித்தன. விக்டர் சார் எழுந்து மேடையை நோக்கி ஓடி வந்தார், ஏதோ கத்திக்கொண்டே. ஒன்றும் கேட்கவில்லை.

அத்தை இடுப்பிலிருந்து சும்மாட்டுத் துணியை உருவினாள். பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்தாள். படகில் ஓட்டை விழுந்தால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தாள். ஒரு பாதியை ஒரு துளையில், மறு பாதியை மறு துளையில், விரலால் குத்திக் குத்தித் திணித்தாள்.

ஊளை நின்றது.

விக்டர் சார் மேடைப் படியில் ஒரு கால் வைத்தபடி நின்றுவிட்டார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். “அதைத்தான்மா கத்திக்கிட்டு வந்தேன். துணிய அடைங்கன்னு.”

கூட்டத்திலிருந்து எல்லப்பன் பெரியப்பா குரல் கேட்டது. “ஓட்ட வெக்காதீங்கன்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல.”

பிறகு வாசித்தேன். சினிமாப் பாட்டு இரண்டு தயார் செய்துகொண்டு போயிருந்தேன். விரல் அதில் போகவில்லை. எங்கள் ஆட்கள் வலை இழுக்கும்போது ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் பதில் குரல் கொடுப்பார்கள். அந்த முதல் குரலை மட்டும் வாசித்தேன். வாசித்து நிறுத்தினேன். இருந்த இடத்திலிருந்தே மொத்த ஊரும் பதில் குரல் கொடுத்தது. மறுபடி வாசித்தேன். மறுபடி கொடுத்தது. மெல்லிசைக் குழுவின் டிரம்ஸ்காரர் எப்போது சேர்ந்துகொண்டார் என்று தெரியாது. அத்தை என் பக்கத்தில் நின்று, கயிறு இழுப்பதுபோல் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தாள். நைனா குரல் கொடுத்ததை நான் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

முடிந்ததும் விழாக் குழுத் தலைவர் பொன்னாடையோடு மேலே வந்து என்னிடம் நெருங்கினார்.

“அங்க இல்ல” என்று கூட்டம் கூவியது. “பாடுக்காரிக்குப் போடு. பாடுக்காரிக்கு.”

பொன்னாடையும், கூட இருந்த எவர்சில்வர் குடமும் அத்தைக்குப் போயின. அவள் மறுக்கவில்லை. கூச்சப்படவும் இல்லை. வலையில் வந்ததை வாங்கிக்கொள்வதுபோல் வாங்கிக்கொண்டாள்.

மேடைக்குப் பின்னால் விக்டர் சார் என் தோளைப் பிடித்தார். “இத்தனை வருஷத்துல நான் செஞ்ச எந்தக் கிடாருக்கும் ஒரு ஊரே பதில் சொன்னதில்ல” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “கொமரேசா, அன்னிக்கு யோசிக்காம ஊருக்குன்னு சொல்லிட்டேன். இது உன் கையில இருக்கட்டும்னு பெரியவங்ககிட்ட நான் சொல்லட்டுமா?”

நான் பல வாரமாகக் காத்திருந்த வார்த்தை.

இரண்டடி தள்ளி அத்தை பொன்னாடையைப் போர்த்தியபடி, பூப்போட்ட துண்டால் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டது. கை மட்டும் மெதுவாகியிருந்தது. ஆனால் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“வேணாம் சார்” என்றேன். “இன்னிக்கு இது அத்தையோடது. விடிஞ்சா தேவாவோட பெரியம்மா வூட்டோடது. அவங்க நாள எண்ணிக்கிட்டு இருக்காங்க.”

“உனக்கு வருத்தமில்லையே?”

“கொஞ்சம் இருக்கு சார்.”

அவர் என் முதுகில் தட்டினார். அத்தையின் கை மறுபடி வேகமாகத் துடைக்க ஆரம்பித்தது.

ஆள் பங்கு

மறுநாள் காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அத்தை வந்தாள். தேக்கிலையில் கட்டிய பொட்டலத்தை அம்மாவிடம் நீட்டினாள். பிரித்தால், செவுள் சிவந்த நாலு மடவை மீன்.

“எதுக்கு அண்ணி இது?” என்றாள் அம்மா.

“ஆளு பங்கு. ஒம் புள்ள நேத்து எனக்கு ஆளா வந்தான்ல. கொழம்பு வெய்யி.”

அம்மா என்னைப் பார்த்தாள். நைனா வலையிலிருந்து தலை தூக்கி, “குடுக்கிறத வாங்கு. ஒழைச்சதுதானே” என்றார். நான் கிடார் வாசித்ததை அவர் உழைப்பு என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அத்தை போகும்போது வாசலில் நின்று திரும்பினாள். “டேய், அடுத்த மொற எம் பாடு வர்றப்ப வேற எவனாச்சும் கூப்ட்டான்னு போயிடாத. இப்பவே சொல்லி வெச்சிட்டேன்.”

அவள் தெருமுனை திரும்புவதற்குள் தேவாவின் பெரியம்மா எதிரே வந்தார். கையில் கிடார். அன்று அவர்கள் பாடு.

“தம்பி, தேசம்மாவுக்கு மட்டும்தான் ஆளா, எங்களுக்கும் வருவியா? வூட்ல மூணு பொடிசுங்க கீது. ஒண்ணும் தூங்க மாட்டேங்குது.”

போனேன். மறுநாள் அடுத்த வீடு கூப்பிட்டது. அதற்கு மறுநாள் அதற்கடுத்த வீடு. மொத வீச்சு அந்தந்த வீட்டுக்காரர் போடுவார், பிறகு நான் வாசிப்பேன். சிலர் இப்போது முதல் வீச்சோடு நிறுத்துவதில்லை. இரண்டாவது, மூன்றாவது வீச்சும் தாங்களே போட்டுப் பார்க்கிறார்கள். என் பேருக்கு அந்தக் கிடார் வருகிற நாள் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் கல்லூரி விட்டு ஊர் திரும்புகிற மாலைகளில், அது என் மார்பில் அதிராத நாள் அபூர்வம். எங்கள் வீட்டுக் குழம்பில் மீனுக்கும் குறைவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். இன்று எல்லப்பன் பெரியப்பா வீட்டுப் பாடு. “படிச்சவரே, எழுதனது போதும், ஆளு வேணும்” என்கிறார். நான் போக வேண்டும்.